லாபு ஆலையில் சுவிட்ச் மாற்றப் போனபோது

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். கேபிளைச் செருகினால் விளக்கு எரியும், பிடுங்கினால் அணையும், என் பிழைப்பே அதுதான். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

லாபு பக்கம், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் ஓர் எண்ணெய் ஆலை. அங்கே சுவிட்ச் கெட்டுப்போய், புதியதை அமைக்க என்னைத் தனியாக அனுப்பியிருந்தார்கள். சாதாரண சுவிட்ச் இல்லை அது. ஒரு பக்கம் ஈதர்நெட்டில் பேசுகிற சர்வர்கள், மறுபக்கம் ஃபைபர் சேனலில் மட்டும் பேசுகிற சேமிப்புப் பெட்டி. இரண்டையும் ஒன்றோடொன்று பேசவைப்பதுதான் அதன் வேலை. அது இல்லாமல் ஆலையின் எடைமேடை நின்றுபோய், வெளியே செம்பனைக் குலைகளோடு லோரிகள் வரிசை கட்டி நின்றன. பழம் வெயிலில் கிடந்தால் எண்ணெய் கெட்டுவிடும். அவசரப்பட்டு அந்தப் பெட்டியில் ஒரு சர்வருக்குரிய சேமிப்பு வட்டை இன்னொன்றுக்குத் திறந்துவிட்டாலோ, ஆலையின் தகவல் மொத்தமும் குழம்பிப்போகும்.

என்னோடு அறையில் இருந்தது ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சாலினி மட்டும்தான்.

"அக்கா, டிரைவருங்க சத்தம் போடுறாங்க லா. இன்னும் எவ்ளோ நேரம் ஆகும்?"

"முடிஞ்சிரும்மா," என்றேன். முடியவில்லை. இரண்டு பக்கமும் பச்சை விளக்கு எரிந்தது, ஆனால் ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியவில்லை. அழித்துவிட்டு மறுபடி எழுதினேன், அதுவும் சரிவரவில்லை. ஏர்கோன் குளிரும் சர்வர்களின் ரீங்காரமும் சேர்ந்ததில் திரையில் எழுத்துகள் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் அசைந்தன. கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று எழுந்து பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன். கதவுப்பிடி சில்லென்று இருந்தது, அதுகூட நன்றாக நினைவிருக்கிறது.

மதிய வெயில் கொளுத்த வேண்டிய நேரம், வெளியே மெல்லிய பனி. செம்பனை வரிசைக்குள் நடந்தேன். நடக்க நடக்கத் தலைக்கு மேல் மரங்களின் உயரம் கூடிக்கொண்டே போய், பார்த்தால் சுற்றிலும் ரப்பர் பால்மரங்கள். அந்தப் பக்கம் எங்குமே பால்மரம் கிடையாது. ஒவ்வொரு மரத்திலும் பால் பிடிக்கிற மங்கு கட்டியிருந்தது, அதில் பால் சொட்டுகிற சத்தம் தனித்தனியாகக் கேட்டது. நம்புங்கள், பயமே வரவில்லை. காரில் தூங்கிப்போன பிள்ளையை யாரோ தூக்கிக்கொண்டு போவார்களே, அந்த மாதிரி ஒரு சுகம்.

என் உயரத்தில் ஒரு பெண் முதுகைக் காட்டி, பால் இறங்கப் பட்டையைச் சீவி மரம் வெட்டிக்கொண்டிருந்தாள், தலையில் துணி கட்டியிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"செத்த நேரம் இந்த மரத்துக்கிட்ட நில்லும்மா. நான் போய்ட்டு வந்துடுறேன்."

"எனக்கு வேலை இருக்குங்க."

"தெரியும். நில்லு."

நின்றேன். அவள் ஆலை இருக்கும் பக்கமாக நடந்து போனாள். முகத்தை நான் பார்க்கவேயில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று கேட்காதீர்கள், பால் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன், மங்கு நிறையவும் இல்லை.

லோரி ஹாரன் ஒன்று அலறியது. பின்கதவுப் படியில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே செம்பனை, கண்கூசும் வெயில்.

உள்ளே ஓடினேன். சாலினி ஜன்னலோரம் நின்று எடைமேடையில் லோரி ஏறுவதைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தாள். திரையில் நான் எழுதாத கட்டளைகள். இரு பக்கமும் இணைந்து, எந்தச் சர்வருக்கு எந்த வட்டோ அது மட்டும் திறந்து, நான் செய்வதைவிடச் சுத்தமாக இருந்தது.

"யாரு செஞ்சது இதை?"

"என்னக்கா விளையாடுறீங்களா? நீங்கதானே! இவ்ளோ நேரம் இங்கயே உக்காந்து டைப் பண்ணிட்டு, இப்பத்தான் எழுந்து பின்னாடி போனீங்க."

களைப்பில் ஏதோ கனவு என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். காரில் ஏறும்வரை அது தாங்கியது. வழியனுப்ப வந்த சாலினி கண்ணாடி ஓரம் குனிந்தாள்.

"சர்வரைப் போயி பொம்பளையாக்கிட்டீங்களேக்கா, எனக்கு ஒரே சிரிப்பு."

"நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்?"

"சர்வர் ஓடுமான்னு நான் பயந்துகிட்டு இருந்தப்ப, திரும்பாமலே சொன்னீங்களே. 'பயப்படாத, அவள நிக்க வச்சுட்டு வந்திருக்கேன், வந்துருவா'ன்னு."

சாலினி இப்போதும் அந்த ஆலையில்தான் வேலை செய்கிறாள், அவ்வப்போது போனில் பேசுகிறோம். அன்று அதைச் சொன்னபோது குரல் என்னுடையதாகத்தான் இருந்ததா என்று மட்டும் இன்றுவரை அவளிடம் நான் கேட்கவில்லை.