என் மகளின் விரதத்தை அம்மனே முடித்து வைத்தாள்

அன்று பெரம்பலூர் ஆஸ்பத்திரி அறைக்குள் இருந்தது டாக்டரம்மா, என் மகள் செல்வி, மாப்பிள்ளை, நான். நாலே பேர். செல்விக்கு ஏழாம் மாதம், தலைப்பிரசவம். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டரம்மா, “ரத்தம் ஏழுதான் இருக்கு. பதினொண்ணாவது வேணும். இப்படியே பிரசவம் ஆனா தாய்க்கும் புள்ளைக்கும் ஆபத்து” என்றார். இரும்புச் சத்து மருந்தைக் குளுக்கோஸ் போல ஏற்ற நாள் குறித்துக் கொடுத்தார்.

பஸ் கால் மணி நேரம் தாமதமானாலே எங்கோ கவிழ்ந்துவிட்டது என்று நினைக்கிறவள் நான். எங்கள் ஊர் பூலாம்பாடி வரும்வரை என் மகளைப் பிணமாகவே பார்த்துக்கொண்டு வந்தேன். ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கு வேறென்ன தெரியும்? கஷ்டம் வந்தால் விரதம். சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று ஐந்தாம் மாதத்திலிருந்தே செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் செல்வியை விரதம் இருக்க வைத்திருந்தேன். இப்போது ஞாயிறையும் சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அந்த ஆடி வெள்ளி, எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். “தாயே, என்ன செய்யணும்னு நீயே சொல்லிடு” என்று அழுது திரும்பினேன். கூழ் வரிசையில் எங்கள் ஊர் நர்சம்மா நின்றார். ஒதுங்கி நின்ற செல்வியைப் பார்த்துவிட்டார்.

“ஏன் செல்வி, கூழு வாங்கல?”

“வெரதங்க்கா. பொழுது சாஞ்சுதான் சாப்பாடு.”

“சத்து மாத்திரை?”

“தவறாம போடுறேங்க்கா. காலையில டீயோட.”

“வெளங்கிடும். டீ அந்தச் சத்த ஒடம்புல சேர வுடாது. இத்தன மாசம் மாத்திரையக் குப்பையில போட்ட மாதிரிதான்.” என் பக்கம் திரும்பினார். “வவுத்துப் புள்ளையுமா உங்ககிட்ட வெரதம் கேட்டுச்சு?”

கூழ் ஊற்றிக்கொண்டிருந்த பூசாரி கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி சொன்னார்: “ஆத்தா ஊத்துற கூழ வேணாம்னு நிக்கிறது என்ன வெரதம்? இங்க வா தாயி.”

செல்வி என் முகத்தைப் பார்த்தாள். போ என்று தலையாட்டினேன். கம்பங்கூழும் முருங்கைக்கீரைப் பொரியலும். நின்ற இடத்திலேயே குடித்தாள். கேட்டதற்குத் தாய் பதில் சொல்லிவிட்டாள் என்று என் உடம்பே சிலிர்த்தது.

அன்றோடு செல்வியின் விரதம் முடிந்தது. மாத்திரையைத் தண்ணீரில் போட்டாள். டீ ரெண்டு மணி நேரம் கழித்துத்தான். கீரை, பயறு, முட்டை, வாரம் ஒருமுறை கறி, சோற்றோடு ஒரு நெல்லிக்காய். டாக்டரம்மா சொன்ன மருந்தையும் பெரம்பலூர் போய் ஏற்றிக்கொண்டு வந்தோம். அதை மறைத்துப் பேசினால் எனக்குத்தான் பாவம். ஒன்பதாம் மாதம் ரத்தம் பத்தரை. சுகப்பிரசவம், பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம்.

நான் இன்னும் பயப்படுகிறவள்தான். ஆனால் பயத்தில் யாரையும் பட்டினி போடுவதில்லை. அம்மனிடம் நம்பிக் கேளுங்கள்; பதில் நர்சம்மா வாயில் வந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஆடியிலிருந்து எங்கள் கோயிலில் கர்ப்பிணிகளுக்குத்தான் முதல் கூழ். பூசாரியிடம் நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெண்ணையும் அழைத்து வாருங்கள், வரிசையில் நிற்கவே வேண்டாம்.