வியன்னாவின் ஒற்றனும் உத்திர வீதி விசாரணையும்

போன வருடம் ஓர் ஒற்றர் நாவலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு வியன்னா. தபால் நிலையத்தின் பின்னறையில் தூதர்களின் கடிதங்களை ஆவி காட்டிப் பிரித்து, படித்து, முத்திரை சிதையாமல் மறுபடி ஒட்டும் ஒரு குமாஸ்தாதான் கதாநாயகன். தான் எழுதும் அறிக்கை யார் மேசைக்குப் போகிறது என்று அவனுக்கே தெரியாது. அதுகூடத் தெரியாமல் வேலை பார்க்கிறானே மடையன் என்று திட்டிக்கொண்டேதான் மொழிபெயர்த்தேன். அவனால் எனக்கும் இருப்புக்கொள்ளாமல் போயிற்று. மன்னார்புரத்தில் என் வீட்டு வாசலில் பைக் நின்றாலே எழுந்து ஜன்னலுக்குப் போவேன்.

அந்த நேரத்தில்தான் தம்பி போன் செய்தான்.

"அக்கா, பாப்பாவுக்கு ஸ்ரீரங்கத்துல ஒரு வரன் வந்திருக்கு. அக்கம்பக்கத்துல விசாரிச்சுட்டு வா. அத்தைதான் போகணும்னு அவளே சொல்றா."

எனக்குத் தலைகால் புரியவில்லை. உறவில் இத்தனை பேர் இருக்க, என் தம்பி மகள் என்னையல்லவா கேட்டிருக்கிறாள்!

ஆளைப் பற்றி நேராகக் கேட்காதே என்பது நாவலில் கற்ற பாடம். வாடகைக்கு வீடு தேடுவதாகச் சொல்லிக்கொண்டு உத்திர வீதியில் நுழைந்தேன். இஸ்திரிக்காரரிடம் தண்ணீர் ஒழுங்காக வருமா என்றேன். மளிகைக்கடையில் குரங்குத் தொல்லை உண்டா என்றேன். எதிர்வீட்டு வாசலிலிருந்து ஓர் அம்மாள் கூப்பிட்டார்.

"என் பையனைப் பத்தி விசாரிக்கத்தானே வந்தீங்க? வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க."

அசடு வழிந்தேன். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"வீடு தேடறவங்க வீட்டைப் பாப்பாங்க. நீங்க ஆளுங்களையே பாக்கறீங்க."

காபி கொடுத்தார். சுற்றி வளைக்கவில்லை.

"அவனுக்குச் சின்ன வயசுல வலிப்பு வந்துச்சுங்க. இப்ப பல வருஷமா இல்ல, மாத்திரை மட்டும் சாப்பிடறான். மறைக்க எனக்கு மனசு வரல. எப்படிச் சொல்லணுமோ அப்படிச் சொல்லுங்க."

திரும்பும்போது பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது. சொன்னால் தம்பி இந்தச் சம்பந்தத்தை முறித்துவிடுவான், அவன் சுபாவம் எனக்குத் தெரியும். சொல்லாமல் விட்டு நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? போனை எடுத்தேன், பைக்குள் போட்டேன், மறுபடி எடுத்தேன். பாலம் முடிவதற்குள் தம்பியிடம் ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"நல்லவேளைக்கா," என்றான். சாயங்காலத்துக்குள் அந்த வரன் வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பாப்பா பேசினாள். அழுது முடித்த குரல்.

"வலிப்பு விஷயம் எனக்கு முன்னாடியே தெரியும் அத்தை. அவரே போன்ல சொல்லிட்டாரு. நேரம் பாத்து நானே அப்பாகிட்ட பக்குவமா சொல்லியிருப்பேன். வேற யாராவது போனா உளறிடுவாங்கன்னுதான் உங்கள அனுப்பச் சொன்னேன்."

நான் யாருக்காக ஸ்ரீரங்கம் போனேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு ஊரே சொல்லுது," என்றாள். "உங்களால கொஞ்ச நாள் சும்மாகூட இருக்க முடியலையா அத்தை?"