வெங்காயம் போடாத கீரை

பக்கத்து வீட்டு ஜெர்மன் அம்மா விடுமுறைக்குப் போகும்போது தன் நாயை எங்களிடம் விட்டுப் போனார். கொஞ்சம் அவித்த கீரை கொடுக்கலாம் என்றார். நான் கூச்சத்தில் தலையாட்டினேனே தவிர, எப்படி அவிப்பது என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சப்பென்று கொடுக்க மனம் வரவில்லை. வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு, துருவிய தேங்காய்ப்பூ போட்டு வதக்கிக் கீரை வறை செய்தேன். தட்டைக் கீழே வைக்கக் குனிந்தபோது மகள் பாய்ந்து பிடுங்கினாள்.

“அப்பா, வெங்காயம் நாய்க்கு நஞ்சு! உப்பும் கூடாது. வெறும் தண்ணியில அவிச்சுக் குடுங்கோ.”

“உப்பும் இல்லாமல் எப்பிடித் தின்னும், பிள்ளை?”

“அது உங்களை மாதிரிக் குறை சொல்லாது.”

பதறிப்போய், சமைக்காமல் மிச்சம் இருந்த கீரையில் இரண்டு கரண்டியை வெறும் தண்ணீரில் அவித்து, ஆறவிட்டு வைத்தேன். நாய் தட்டையும் நக்கியது.

வறையை நான் சோற்றோடு சாப்பிட்டேன். உப்பு குறைவாகத்தான் இருந்தது. மகளுக்கு முன்னால் சொல்லவில்லை.