கண்ணால் திருடும் ஆட்டம்

அருங்காட்சியகத்தின் மூன்றாவது கூடத்துக் காவல்காரி அவள். ஒன்பது வருடமாக அங்கே பேசியது ஒரே ஒரு வார்த்தை: "தொடாதே." பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவளுக்குத் 'தொடாதேக்கா' என்று பேரே வைத்துவிட்டார்கள். ஆசிரியர் வரிசையில் நிறுத்தி விளக்கப் பலகையைப் பார்த்து எழுதச் சொல்வார். பிள்ளைகளும் பொருளை நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டு போவார்கள். இந்த ஓட்டைச் சட்டியைப் பார்க்கவா பஸ் ஏறி வந்தோம் என்பது முகத்திலேயே தெரியும். அவளுக்கு வயிறு எரியும்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் ஒரு வகுப்பையே வாசலில் மறித்தாள்.

"இன்னிக்கு நீங்க எல்லாரும் திருடனுங்க. ஆளுக்கு ஒரு சாமான் திருடணும். கையால இல்ல, கண்ணால! வெளிய வர்றப்ப நான்தான் போலீசு. கேக்குறதுக்குச் சரியா பதில் சொன்னா சாமான் உங்களுது. தப்பாச் சொன்னா ஜெயிலு."

அவ்வளவுதான், நோட்டெல்லாம் எங்கே போனதோ! ஜாடி மூடியில் எத்தனை துளை, வாள்பிடியில் எத்தனை ஆணி, எந்தப் பொம்மைக்குக் காது மூளி என்று கண்ணாடிக்கு முன்னால் மண்டியிட்டு எண்ணினார்கள். கடலை அளவு பச்சைக்கல் மணி ஒன்றைத் திருடிய வாண்டு, "அதுல ஓட்டை நேரா இல்லக்கா, சாஞ்சிருக்கு" என்றது. ஒன்பது வருடம் காவல் நின்றவளுக்கே அது தெரியாது. அன்றிலிருந்து அவளுக்கு எல்லாரிடமும் அந்த மணியின் பேச்சுதான்.

பள்ளிகள் அந்த ஆட்டத்தைக் கேட்டு வர ஆரம்பித்தன. அருங்காட்சியகப் பொறுப்பிலிருந்த காப்பாட்சியருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "காவலுக்கு வெச்ச ஆளே திருடக் கத்துக் குடுக்குது, நல்லா இருக்கும்மா" என்று பாதிச் சிரிப்பும் பாதி எரிச்சலுமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மாதத்தில் அந்தப் பச்சைக்கல் மணி காணாமல் போனது. பூட்டு உடையவில்லை, கண்ணாடியில் கீறல் இல்லை. திருடன் ஆட்டம் ஆடியவள் கண்ணெதிரே நிற்கும்போது வேறு யாரைத் தேடுவார்கள்? "அந்த மணியைப் பத்தித் தெனமும் பேசும் சார்" என்று பக்கத்துக் கூடத்துக் காவல்காரன் சாட்சி வேறு சொன்னான். அவளைப் பின்வாசல் தோட்டத்துக்கு மாற்றினார்கள். தினமும் வீட்டுக்குக் கிளம்பும்போது எல்லார் முன்னாலும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்டச் சொன்னார்கள். "போலீசுக்குப் போனா உனக்குத்தாம்மா அசிங்கம். யோசிச்சுச் சொல்லு" என்றார் காப்பாட்சியர், இரக்கப்படுகிறவர் மாதிரி. வேலை போனால் போகட்டும். திருடி என்ற பேரோடு மட்டும் போகக்கூடாது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கணவர் பஸ் டிரைவர். முதல் நாளே அவரிடம் எல்லாவற்றையும் கொட்டி அழுதாள். "விடு, பாத்துக்கலாம்" என்றார். அதற்கப்புறம் ஒரு கேள்வி கேட்கவில்லை. மற்றவர்கள் நாக்கில் நரம்பில்லாமல் பேசிய அந்த நாட்களில் அவளைத் தூக்கி நிறுத்தியது அது ஒன்றுதான்.

இருபத்திரண்டாம் நாள் மணி கிடைத்தது. பழுதுபார்க்கும் அறை இழுப்பறையில், பஞ்சு வைத்த டப்பாவுக்குள், காப்பாட்சியரின் சொந்தக் கையெழுத்தில் சீட்டு ஒட்டி! சுத்தம் செய்ய அவரே எடுத்துப்போய், பதிவேட்டில் எழுதாமல் மறந்திருக்கிறார்.

"யானைக்கும் அடி சறுக்கும், இல்லையாம்மா?" என்று சிரித்தார். யானை சறுக்கியபோது அடியில் நசுங்கியது யார் என்று அவர் கேட்கவில்லை. "நாளையிலேர்ந்து கூடத்துக்கு வந்துடு. அந்த ஆட்டம் மட்டும் வேணாம்."

அந்த நேரத்தில் அதுகூட அவளுக்கு வலிக்கவில்லை. பேர் திரும்பி வந்ததே போதும் என்றிருந்தது. வீட்டு வாசலிலிருந்தே கத்தினாள்.

"என்னங்க! மணி கெடச்சிருச்சு!"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். மூன்று வாரமாக இல்லாத தெளிவு அவர் முகத்தில் வந்தது. போய்க் கதவைச் சாத்தினார். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அப்பாடா, இப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு. திருப்பி வெக்கிறப்ப யாரும் பாக்கலையே?"