ஹிரா குகைக்குப் பலெர்மோவில் ஒரு ஒத்திகை

இனிச் சொல்லப்போவதை ஒருவரும் நம்பமாட்டீர்கள் என்று உறுதியளித்துத் தொடங்குகிறேன்.

2016 ஆகஸ்ட். பலெர்மோவை ஒட்டிய ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரை உணவகத்தில் மீன் வெட்டும் மன்னார் ரஃபீக் மக்காவுக்கு உம்ரா யாத்திரை போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தான். அங்கே நூர் மலை ஏறி, நபிகள் நாயகத்துக்கு முதல் வஹீ என்னும் இறைச்செய்தி இறங்கிய ஹிரா குகையைக் காண்பது அவனது வாழ்நாள் ஆசை. ஆனால் முந்திய வருடம்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். வைத்தியர் ஏறலாம் என்றார். மனைவி நசீமா விடவில்லை.

"முதலிலை இஞ்சத்தைப் பெல்லெக்ரினோ மலையை ஏறிக் காட்டுங்கோ. நான் பஸ்ஸிலை போய் மேலை நிப்பன். பத்து மணிக்குள்ளை வராட்டில், நூர் மலையைக் கீழை நிண்டு பாத்திட்டு வாங்கோ."

பெல்லெக்ரினோவிலும் ஒரு குகை உண்டு, பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் கோயில். நேர்த்தி வைத்த இங்குள்ள நம் தமிழ்ச் சனம், சைவர், வேதக்காரக் கிறிஸ்தவர் என்று பாராமல், விடியுமுன் வெறுங்காலுடன் ஏறும். உலக மலைகளின் சக்கரவர்த்தியாகிய நானும் சப்பாத்தை என் அல்பெர்கேரியா வீட்டிலேயே விட்டுவிட்டு, வழிகாட்டியாகக் கிளம்பினேன். ஏறத் தொடங்கியது விடியுமுன் அல்ல, காலை எட்டரைக்கு.

நாலு கிலோமீட்டர் கற்பாதை. மூன்றாம் வளைவில் அது தோசைக்கல்லாகிவிட்டது. கீழே கடல் தூரத்துப் பகேரியா ஊர் வரை கொதித்தது. ரஃபீக் பேச்சை நிறுத்தினான். கை நெஞ்சுக்குப் போனது.

"என்னடாப்பா?"

"நசீமா அடிக்கிறா, அண்ணை." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

அடுத்த வளைவில் விழுந்தது வழிகாட்டிதான். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம்.

"நீ போ தம்பி. என்னைக் கழுகுகள் பாத்துக்கொள்ளும்."

"கழுகு பாவம் அண்ணை. காலை நீட்டுங்கோ."

தன் சப்பாத்தை எனக்கு மாட்டிவிட்டு, அவன் காலுறையோடு நடந்தான். என் பாரமும் அவன் தோளில். முகம் சாம்பலாகிவிட்டது. நின்று நின்று மூச்சு வாங்கினான். திரும்பிப் போவோம் என்றேன்.

"மேலை போறதுதான் கிட்ட அண்ணை. மெல்ல வாறன்."

பத்தே காலுக்குப் படிகளில் நசீமா நின்றாள். மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. கணவனின் கால்களைப் பார்த்தாள், பிறகு என் கால்களை.

"ஹிராவுக்குப் போங்கோ. இவரை மட்டும் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ."

நீங்கள் போவதானால் வெயிலுக்கு முன் ஏறுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். நெஞ்சு வருத்தக்காரர் வைத்தியரைக் கேட்காமல் ஏறவேண்டாம். இறங்கப் பஸ் உண்டு, டிக்கெட் ஒரு யூரோ நாற்பது.

கடல் கொதித்ததும் கழுகுகளும் என் கைச்சரக்கு. அவன் கை நெஞ்சுக்குப் போனபோது, என் முருகனுக்கு முன் அவனுடைய அல்லாஹ்வை நான் கூப்பிட்டது மட்டும் உண்மை.