கைகட்டி நிற்கிறவள்

பள்ளிப் பிள்ளைகளுக்காக நான் எழுதிய நாவலைப் பதிப்பாசிரியர் மறுபடியும் திருப்பி அனுப்பியிருந்தார். "உங்கள் கதாநாயகி கடற்கரையில் ஒரு ஆள், வகுப்பறையில் வேறு ஆள். பாத்திரம் ஒட்டவில்லை" என்று குறிப்பு. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த மனிதர் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாளாவது படித்திருந்தால் இப்படிக் கேட்டிருப்பாரா?

அந்தக் கதாநாயகி வேறு யாருமில்லை, கூடப் படித்த என் சிநேகிதிதான். குளச்சல் கடற்கரைக்காரி. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் முதல் கடைசி சீட்டுப் பெரியவர் வரை எல்லாரையும் வம்புக்கு இழுப்பாள். பள்ளி வாசலைத் தாண்டியதும் அந்த வாய் எங்கே போகுமோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். முதல் வாரமே அவளுடைய கடற்கரைப் பேச்சைக் கேட்டு வகுப்பு மொத்தமும் சிரித்திருந்தது. அது போக, அங்கே ஒரு வழக்கம் உண்டு. டீச்சர் அதட்டினால் எழுந்து, கைகட்டி, தலைகுனிந்து நிற்க வேண்டும். அதுதான் மரியாதை. வாயைத் திறந்தால், சொல்வது சத்தியமாகவே இருந்தாலும், அதற்குப் பெயர் எதிர்த்துப் பேசுவது.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் பிரார்த்தனைக் கூடத்து ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்து கிடந்தது. பிளேடால் கிழித்தது போல் இருந்ததாம். முந்தின நாள் கூடத்தைப் பெருக்கியவள் அவள். "நீயா செஞ்ச?" என்று கேட்டார்கள். அவள் மரியாதையாக நின்றாள். மறுபடி கேட்டார்கள். மறுபடியும் மரியாதையாகவே நின்றாள். குற்றத்தை ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் புது ஆர்மோனியத்தையும் எலி கடித்தபோதுதான் விஷயம் விளங்கியது. அதற்குள் அவள் அம்மாவோடு மீன் ஏலத்துக்குப் போகத் தொடங்கியிருந்தாள். பள்ளியிலிருந்து யாரும் போய்க் கூப்பிடவில்லை.

நாவலிலாவது அவளைப் பேச வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. "நான் செய்யல்ல டீச்சர்." அவ்வளவுதான். இதைச் சொல்ல வைக்க நான் பட்ட பாடு! அதே விசாரணையைக் கடற்கரை மணலுக்கு மாற்றி எழுதிப் பார்த்தேன். டீச்சர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் அளவுக்கு அவள் பேசினாள். திரும்பக் கொண்டுவந்து வகுப்பறையில் நிறுத்தினால் தீர்ந்தது. கை தானாகக் கட்டிக்கொள்ளும், தலை தானாகக் குனியும். வீட்டில் யாருமில்லாத மத்தியானங்களில் எழுதும்போது, நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாக அவள் என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். திரும்பிப் பார்க்கப் பயம். உயிரோடு இருந்து மீன் விற்கிற ஒருத்தி எப்படியடி பேயாக வருவாள் என்று என்னையே திட்டிக்கொள்வேன். ஆனாலும் வந்தாள்.

போன மழைக்காலத்தில் அவளே போனில் கூப்பிட்டாள்.

"மக்கா, எனக்க மோளுக்க பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லியிருக்காவ. கிளாசுல ஒரு செல்போன் கெடந்துச்சாம். இவளுக்குள்ளதுன்னு சொல்லுகாவ. போன் கொண்டுவந்தா டி.சி.தானாம். எனக்க பிள்ள கையில ஏதுட்டி போனு? நீயும் கூட வா. நீ நாலு எழுத்து எழுதுகவ."

ஆட்டோவில் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். "பிரின்சிப்பாலா இருந்தா இருக்கட்டு. எனக்க பிள்ள கள்ளம் பறைய மாட்டா, பொய்யே வராது அவளுக்கு. அதை நான் மொகத்துக்கு நேர கேப்பேன்." டிரைவர் சிரித்துவிட்டான். "அக்கா, எனக்கே பயமா இருக்கு" என்றான். "நீ ரோட்டப் பாத்து ஓட்டுலே" என்றாள். எனக்குத் தைரியமாக இருந்தது.

நாங்கள் படித்த பள்ளியல்ல அது. இரணியல் தாண்டி, கண்ணாடிக் கதவும் கேமராவும் வைத்த புதுப் பள்ளி. ஆனாலும் பிரின்சிப்பால் அறை வாசலில் யாரும் சொல்லாமலேயே அவள் செருப்பைக் கழற்றினாள். உள்ளே மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கையைக் கட்டினாள்.

"மேடம், ஒரு நிமிஷம்" என்று நான் ஆரம்பித்தேன்.

"நீங்க அம்மாவா?"

"இல்ல."

"அப்போ வெளிய நில்லுங்க."

வெளியே நில் என்றால் நிற்கத்தானே நாமெல்லாம் படித்திருக்கிறோம்! திறந்திருந்த கதவுக்கு வெளியே நின்றேன்.

"போன் உங்க மகளோடதுதானே?" என்று கேட்டார் பிரின்சிப்பால். அம்மா பேசவில்லை. இன்னொரு முறை கேட்டார். குனிந்த தலை நிமிரவில்லை.

மகள்தான் நிமிர்ந்தாள். "எனக்குள்ளது இல்ல மிஸ். நான் கொண்டுவரல்ல" என்றாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. வருஷக்கணக்காக எனக்கு எழுத வராத வரியை ஒரு சின்னப் பிள்ளை சும்மா சொல்லிவிட்டது.

என் சிநேகிதியின் கட்டிய கை அவிழ்ந்தது. இதோ பேசப் போகிறாள் என்று நினைத்தேன். அந்தக் கை மகளுடைய வாயைப் பொத்தியது.

"எதிர்த்துப் பேசாதட்டி" என்றாள், வாசலில் நின்ற எனக்குக் கேட்டும் கேட்காத குரலில்.

"அம்மாவுக்கே தெரியுது, பாத்தீங்களா?" என்றார் பிரின்சிப்பால். முடிந்தது. டி.சி. அன்றைக்கே கைக்கு வந்துவிட்டது.

கேட்டுக்கு வெளியே கால் வைத்ததும் அவளுக்குக் குரல் திரும்பியது. ரோட்டில் நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். "நான் பாவி! எனக்க பிள்ளைக்க வாயில நானே கைய வச்சனே!" ஆட்டோவில் ஏறியதும் மகளைப் பிடித்துக் குலுக்கினாள். "மக்களே, இப்பம் சொல்லுட்டி. அம்மை கேக்கேன். என்னையாவது ஏசுட்டி."

அந்தப் பிள்ளை எங்கள் இருவருக்கும் நடுவில் கைகட்டி, தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது. குளச்சல் வந்து சேரும்வரை வாயைத் திறக்கவில்லை.