வற்றாப்பளைச் சனத்துக்குள் என் பேர்

சனம் கூடுகிற இடமென்றால் எனக்கு உடம்பு கூசும். யாழ்ப்பாணத்தில் படிக்கிற காலத்தில் ஒரு உதைபந்தாட்டம் பார்க்கப் போய், கோல் விழுந்த சந்தோஷத்தில் வேலி சரிந்து, எத்தனையோ பேர் என் காலில் ஏறிப் போனார்கள். சின்னவிரல் இன்னும் கோணல்தான். காசும் கொடுத்து மிதியும் வாங்க இந்தச் சனத்துக்கு என்ன விசர் என்று அன்றைக்கு யோசித்தவன், பிறகு மைதானப் பக்கமும் போனதில்லை, தேர் பார்க்கவும் போனதில்லை.

அப்படிப்பட்ட நான் இந்த வைகாசியில் வற்றாப்பளை அம்மாள் பொங்கலுக்குப் போய்வந்தேன். காரணம் மனுசி. கலியாணம் முடித்துப் பதினொரு வருஷத்தில் மூன்று பிள்ளைகள் தங்காமல் போய்விட்டன, மூன்றும் நாலு மாதத்துக்குள். இப்போது நாலாவது, ஐந்து மாதம் கடந்திருந்தது. ஐந்து மாதம் தாண்டினால் வந்து பொங்கிறன் என்று அம்மாளுக்கு நேர்ந்திருந்தாவாம். "பிறந்தபிறகு போவமே" என்றேன். "பிறக்கவேணும் எண்டுதானே போறது" என்றா.

எங்கள் வீடு வட்டக்கச்சிக் குடியேற்றத்தில். நான் நீர்ப்பாசனக் கந்தோரில் தண்ணீர் அளக்கிறவன், ஆகையால் போகிற வழியெல்லாம் நேரமும் தூரமும் குறித்துக்கொண்டே போனேன். போக நினைப்பவர்களுக்கு உதவும். திங்கட்கிழமை காலை 5.40க்கு வீட்டால் வெளிக்கிட்டோம். கிளிநொச்சியில் 6.30 பஸ், மாங்குளம் பதினெட்டு மைல், ஒரு மணித்தியாலம், எழுபத்தைந்து சதம். அங்கே ஐம்பது நிமிஷம் காவல் நின்று முள்ளியவளை பஸ் பிடித்தோம். இருபத்தைந்து மைல், ஒரு ரூபா, இரண்டு மணித்தியாலமும் பத்து நிமிஷமும். பஸ்ஸுகளை அரசாங்கம் எடுத்து நாலு வருஷமாகிறது, அன்றைக்கு ஏறின சனத்துக்கு எத்தனை பஸ் விட்டாலும் காணாது. நல்லவேளை, ஒரு பெரியவர் எழும்பி மனுசிக்கு இடம் கொடுத்தார்.

ஒட்டுசுட்டானுக்கு அங்காலே றோட்டு முழுக்கக் குண்டும் குழியும். ஒவ்வொரு குழிக்கும் நான் மனுசியின் முகத்தைப் பார்ப்பேன்.

"என்ரை முகத்தைப் பாக்காதேங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு" என்றா. அதற்குப் பிறகு யன்னலால் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

முள்ளியவளையிலிருந்து கோயிலுக்கு மூன்று மைலுக்குக் கொஞ்சம் கூட. வாடகைக் காரில் ஆளுக்கு ஐம்பது சதம். கார்க்காரர் சூசைப்பிள்ளை முல்லைத்தீவுக் கரையோர ஆள், வேதக்காரர். கண்ணாடியில் மாதாவின் படம் தொங்கியது. பொங்கல் முடியுமட்டும் நிற்பாராம். "அண்ணை, உங்களுக்கு இஞ்சை என்ன அலுவல்?" என்று கேட்டேன்.

"முந்தி ஓட்டத்துக்குத்தான் வந்தனான். மூண்டு வரியத்துக்கு முந்தி கடலுக்குப் போன என்ரை தம்பி திரும்பி வரேல்லை. அந்தமுறை உள்ளுக்குப் போய் நிண்டு அழுதனான். ஊரிலை அழுதால் ஏன், என்ன எண்டு கேப்பினம். இஞ்சை ஒருத்தரும் கேக்கேல்லை. பக்கத்திலை நிண்ட மனுசனும் அழுதார். அவருக்கு என்ன கவலையோ."

சனத்துக்குள் போய் அழுவதா, எனக்கு மூச்சே வராதே என்று நினைத்தேன்.

11.10க்குப் போய்ச் சேர்ந்தோம். மரநிழலில் மூன்று கல்லு வைத்து மனுசி பொங்கினா. 1.20க்குப் பால் கிழக்காலே சரிந்தது. எனக்குப் பாதி உயிர் வந்தது. போவம் என்றேன். உள்ளுக்குப் போய் ஒருக்கால் கும்பிடாமல் வரமாட்டன், வாயிலையும் ஒண்டும் வையன் என்றுவிட்டா.

வெய்யில் தணியப் பார்த்திருந்து நாலு மணிக்கு உள்வீதிப் பக்கம் நடந்தோம். அத்தனை பேர் பார்க்க மனுசியின் கையைப் பிடிக்க எனக்கு வெட்கம். சேலைத் தலைப்பின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டேன். இதுதான் நான் விட்ட பிழை. திடீரென்று பறை முழங்க, துருசுக் கதவு திறந்த குளத்துத் தண்ணீர்போல முழுச் சனமும் வாசல் பக்கம் சரிந்தது. என் விரலுக்குள் இருந்த சேலை உருவிப் போய்விட்டது. மணி 4.10.

"இஞ்சாரும்!" என்று கத்தினேன். ஆறேழு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதில் என் மனுசி இல்லை. எங்கள் ஆட்களுக்குள் புருஷன் பெண்சாதி பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. நான் 'இஞ்சாரும்', அவா 'இஞ்சாருங்கோ', பதினொரு வருஷமும் இவ்வளவுதான். பெண்சாதி வாயால் பேர் சொன்னால் புருஷனின் ஆயுசு குறையுமென்று வேறு நம்பிக்கை. என் பேர் நல்லதம்பி. பக்கத்து வீட்டுப் பொடியனைக்கூட மனுசி நல்ல பிள்ளை என்பாவே தவிர, நல்ல தம்பி என்று சொல்லமாட்டா.

அடுப்படிக்கு ஓடினேன். பானைதான் இருந்தது. திரும்பி வாசலுக்கு வந்தேன். ஒலிபெருக்கியில் வழிதவறினவர்களின் பேர் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஊர்ப்பேர் வரவில்லை. விழுந்துவிட்டாவோ, வயிற்றில் ஆரும் இடித்துவிட்டார்களோ என்று நினைத்து நினைத்து வாசல் முழுக்கத் தேடினேன். "மனோன்மணி!" என்று முதல்முறையாக அவாவின் பேரைச் சொல்லிக் கத்தினேன். பறைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

4.50க்கு ஒலிபெருக்கியில் ஒரு தொண்டர், "பயப்பிடாமல் சொல்லுங்கோ அம்மா" என்றார். கொஞ்சநேரம் இரைச்சல் மட்டும். பிறகு ஒரு நடுங்கின குரல்.

"நல்லதம்பி. வட்டக்கச்சி நல்லதம்பி. கெதியா வாங்கோ. எனக்கு வயித்துக்கை நோகுது."

அந்தக் குரலில் என் பேரை நான் கேட்டதேயில்லை. "நான்தான், நான்தான் நல்லதம்பி" என்று அழுதேன். பக்கத்தில் நின்றவர் என் தோளைப் பிடித்து, "இவர்தானாம் நல்லதம்பி, வழி விடுங்கோ" என்றார். அது எனக்கு முன்னாலே வாய்க்கு வாய் போனது. நல்லதம்பி வாறார், விடுங்கோ, விடுங்கோ. நாற்பது நிமிஷம் ஒரு அடி விடாத சனம் விலகியது. பின்னாலே ஆரோ முதுகில் கைவைத்துத் தள்ளினார்கள். மூன்று நிமிஷத்தில் ஒலிபெருக்கிப் பந்தலில் நின்றேன்.

மனுசி பாயில் படுத்திருந்தா, தலை முன்பின் தெரியாத ஒரு அம்மாவின் மடியில். அந்த அம்மா கொக்கிளாயில் பிள்ளைப்பேறு பார்க்கிறவவாம். "வெய்யிலும் பசியும் பயமும். வேறை ஒண்டுமில்லை. பிள்ளை துடிக்குது, கையை வைச்சுப் பாருங்கோ" என்றா. அவ்வளவு பேருக்கு முன்னால் வைத்தேன். உள்ளே ஒரு உதை. நான் விம்மி அழுதேன். ஒருத்தரும் ஏனென்று கேட்கவில்லை.

"அரை மணித்தியாலமா இதிலை நிண்டனான்" என்றா மனுசி. "உங்கடை பேர் கேட்டவை. வாய் வரேல்லை. நோ வந்தாப்போலைதான் சொன்னனான். அம்மாள் கோவிப்பாவோ?"

"கோவிக்கமாட்டா" என்றேன்.

சூசைப்பிள்ளை அண்ணை எங்களை முள்ளியவளையில் தனக்குத் தெரிந்த வீடொன்றில் விட்டார். காசு வாங்கவில்லை. அடுத்தநாள் மெல்ல ஊர் வந்தோம். புரட்டாதியில் பெண்பிள்ளை.

போக நினைப்பவர்களுக்கு: முதல்நாளே போய் முள்ளியவளையில் தங்குங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள். மூன்று மணிக்குமுன் உள்ளே கும்பிட்டு முடியுங்கள். தவறினால் தேடி ஓடாமல் நேரே ஒலிபெருக்கிப் பந்தலுக்குப் போங்கள். எனக்கு அது கடைசிவரை தோன்றவில்லை. பேர் சொன்னதால் ஆயுசு குறைகிறதாகவும் தெரியவில்லை, இதை எழுதிக்கொண்டுதானே இருக்கிறேன்.

சனத்தைக் கண்டால் எனக்கு இன்னும் பயம்தான். ஆனாலும் வாற வைகாசிக்குப் பிள்ளையையும் கொண்டுபோகிறோம். "இந்தமுறை கேட்டால் உடனை பேரைச் சொல்லுவீரோ?" என்று நேற்று மனுசியைக் கேட்டேன்.

"நீங்கள் இந்தமுறை கையைப் பிடியுங்கோ" என்றா.